நான்கு கோடு

பாடாங் செராய் பண்டல் கடையில்
ஜப்பான் சட்டைக் குவியலுக்குப் பக்கத்தில்
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது.
நூற்று நாற்பது வெள்ளி.
மூலையில் கீறல், முதுகில் பாதி உரிந்த பூனைப்படம்.
"தண்ணியில போட்டாலும் சாகாது" என்றான் ஆ செங்.

சாகவில்லை, உண்மைதான்.
யாரோ அழிக்க மறந்த அலாரம்
விடிகாலை ஐந்து பத்துக்கு அடிக்கிறது,
என்னால் படிக்க முடியாத மூன்று எழுத்தோடு.
ஆறு மணிக்கு ஆலையில்
லோரி எடைமேடையில் நிற்க வேண்டியவன் நான்.
யாருக்கோ வைத்தது எனக்கும் பொருந்துகிறது.
அணைக்கவில்லை.

படம் எடுத்தால் "டிச்சக்" என்று கத்தும்.
எதைத் தட்டினாலும் அது அடங்காது.
பங்காளி வீட்டுக் கருமாதியில்
கதவோரம் நின்று ஒன்று எடுத்தேன்,
தேவாரம் பாடியவர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

வாட்ஸ்அப் வரும்.
செம்பனைக் குலையின் அன்றாட விலை வரும்.
ஜொகூரிலிருந்து மச்சான் அனுப்பும்
காலை வணக்க ரோஜா தவறாமல் வரும்.
மேலே நான்கு கோடும் நிமிர்ந்து நிற்கும்.
பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டும்
ஒவ்வொன்றாய் உட்கார்ந்துவிடும்.
காதில் வைத்தால்
தண்ணீர் நின்றுபோன நாளில் குழாயைத் திறந்த மாதிரி.

கூலிமில் கம்பெனி கவுண்டர்.
பெயர்ப்பட்டையில் ஹஸ்லினா.
எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"பேசணும்னா இது பழைய மூணு ஜியைத் தேடிப் போகுது அங்கிள்.
அதை மூடி ரொம்ப நாளாச்சு."
புது லைனில் பேசத் தெரியாதா இதுக்கு?
"தெரியும். ஆனா
எங்க பட்டியல்ல இல்ல."

சிரித்துவிட்டேன்.
அவளுக்கு ஏனென்று புரியவில்லை, பாவம்.
என் சட்டைப் பையில் இருந்தது சிவப்பு ஐசி.
பிறந்தது இந்தப் பக்கம்தான்.
மூன்றாம் டிவிஷன் லயத்தில்,
மழைக்கு ஒழுகிய அறையில், மருத்துவச்சி கையில்.
அப்பா பதியப் போன அன்று கிராணி லீவாம்.
மறுநாள் பால்வெட்டு. அதற்கு மறுநாளும்.
நாற்பத்தொன்பது வயதாகிறது எனக்கு.
லோஷினியின் பள்ளி விழாவில்
நெகாராகூவை ஒரு சொல் பிசகாமல் பாடுகிறேன்,
பக்கத்து நாற்காலிக்காரர் வாயை மட்டும் அசைக்கிறார்.

அதே கூலிமில், இரண்டு தெரு தள்ளி
பதிவிலாகாவில் போன மாதம்
ஐந்தாவது மனுவைக் கொடுத்திருந்தேன்.
அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி காட்டினார்.
என் நம்பரை எழுதி, அடியில் கோடிட்டு,
"கூப்பிடுவோம்" என்றார்.

நம்பர் என்னுடையது.
போன் இது.

நேரே ஆ செங்கிடம் போனேன்.
எழுபது வெள்ளிக்குக் கட்டைவிரல் மாதிரி ஒரு பொத்தான் போன்,
போன வாரம்தான் கப்பலில் வந்ததாம்.
இது பட்டியலில் இருக்கிறது.

சிம்மை மாற்றினேன்.
சட்டைப் பையில் ஐசியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.
இதுவரை மூன்று தடவை அடித்தது.
இரண்டு தடவை, கடன் வேண்டுமா என்று.
மூன்றாவது அழைப்பில் எடைமேடையில் லோரியை நிறுத்திவிட்டு
ஓரமாய் ஓடிப்போய் எடுத்தேன்.
"ரோஸ்லானா?" என்றது ஒரு குரல்.
இல்லை என்றேன். மன்னிப்புக் கேட்டு வைத்தார்.
எவ்வளவு தெளிவாய்க் கேட்டது தெரியுமா,
பக்கத்தில் நின்று மூச்சு விடுவது போல.

ஜப்பான் போன் இப்போது அலமாரி மேல்,
சிம் இல்லாமல்.
லோஷினிதான் தன் போனைக் காட்டி
அந்த மூன்று எழுத்தையும் படிக்க வைத்தாள்.
"மருந்து சாப்பிடு"ன்னு இருக்குப்பா.

ஐந்து பத்து.
அடிக்கிறது.
எழுந்து, இருட்டில் தடவி,
சர்க்கரை மாத்திரையின் தாளைக் கிழிக்கிறேன்.