கொட்டிவாக்கம், மூன்றரை மணி

ஊர் திரும்பி நாலு நாளாகியும்
மூன்றரைக்கே விழிப்பு.
பெர்த்தில் அப்போது ஆறு.
வீட்டைப் பூட்டிக்கொண்டு
கடலுக்கு நடந்தேன்.

அங்கே முதல் நாளும் இப்படித்தான்.
காட்டஸ்லோ மணலில்
தண்ணீரையே பார்த்தபடி
சூரியனுக்குக் காத்திருந்தேன்.
அது பைன் மரங்களைத் தாண்டி வந்து
பிடரியில் சுட்டது.
என் நிழல் நீளமாகப் போய்
அலையில் நனைந்தது.
நாயோடு வந்தவர் சிரித்தார்:
"சாயங்காலம் வாங்க.
இந்தக் கடலுக்கு முழுக்காட்டத்தான் தெரியும்."

படகோரம் தேசப்பன்
பல்லில் டார்ச்சைக் கவ்வி
வலை பிரித்துக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்ததும் டார்ச்சை எடுத்தார்.
"அங்க வெயிலு எப்படிம்மா?"
"இதே வெயில்தான்.
ஆனா பூசிக்கிட்டுத்தான் வெளியே போகணும்."
பையில் மிச்சமிருந்த ட்யூபை நீட்டினேன்.
மோந்து பார்த்தார்.
"தேங்கா வாசன."
முழங்கையில் கொஞ்சம் தடவிக்கொண்டார்,
அந்த இருட்டில்.

மாலையில் மறுபடி போனேன்.
எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க
நான் மட்டும் அதற்கு முதுகு காட்டி நின்றேன்.
அடுக்குமாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே,
கொடியில் காயும் யாருடைய லுங்கிக்கோ பின்னால்
இறங்கிக்கொண்டிருந்தது.

பஞ்சுமிட்டாய் விற்கும் பையன்
நான் பார்க்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான்.
"அங்க ஒண்ணுமில்லக்கா" என்றான்.