பொருந்தும் எண்ணை வட்டமிடுக

நிறைவு என்ற சொல்லை
மூன்று மாதம் சுமந்தோம் துறையில்.
சரிபார்க்க ஆங்கிலத்துக்கு அனுப்பினால்
வயிறு நிரம்பித் திரும்பி வந்தது.
நலமா, நல்வாழ்வா, சுகமா என்று
நாகர்கோவில் மழைக்கு ஜன்னலடைத்த அறையில்
ஆறு பேர் வாக்கெடுத்தோம்.
சுகம் தோற்றது.
அது விசாரிப்பாம், அளவீடு இல்லையாம்.

கருங்கல் பக்கம் ஓர் அண்டியாபீஸ்.
சாப்பாட்டு நேரம் முப்பது நிமிஷம்.
வறுத்த தோட்டின் புகை
ஓட்டுக்கூரைக்குக் கீழே போக்கிடமில்லாமல் நின்றது.
ஒன்று என்றால் முற்றிலும் இல்லை.
ஏழு என்றால் முற்றிலும் ஆம்.
ஒப்புதல் படிவத்தோடு மை டப்பாவையும் நீட்டினேன்.

றோஸ்லெட் அதை மூடித் திருப்பித் தந்தாள்.
“நான் பிளஸ் டூ. பேனா இருக்கா?”
தமிழில் ஒன்று, பக்கத்தில் மலையாளத்தில் ஒன்று,
இரண்டு கையெழுத்துப் போட்டாள்.
பிறகு பெருவிரலைக் காட்டினாள்.
அண்டிக்கறை தின்ற தோல்,
கண்ணாடி மாதிரி வழுவழுப்பு.
“ரேஷன் கடை மெஷினுக்கே நான் யாருண்ணு தெரியாது.
உங்களுக்க மை என்ன செய்யும்?”

கேள்வி ஒன்பது.
பணியிடத்தில் உள்ளடக்கப்பட்டவராக உணர்கிறீர்களா?
“அடக்கமா?” என்றாள்.
“அது கோயிலுக்குப் பின்னால இல்லியா.
எனக்கு இன்னும் மூச்சு போவலியே.”
தூக்குவாளிகள் குலுங்க பெஞ்சு முழுக்கச் சிரித்தது.
நானும் சிரித்தேன். ஓரத்தில் குறித்தேன்:
சொல்லை மாற்ற வேண்டும்.

சிரிக்கிறவர்களின் வாய்களைப் பார்த்தபடி
சிரிக்காமல் ஒருத்தி இருந்தாள். சரோஜம்.
பிறவியிலேயே காது கேளாது.
எங்கள் நெறிமுறையின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது:
வினாக்களைச் செவிமடுத்து விடையளிக்க இயலாதோர் நீங்கலாக.
அந்த வரியை எழுதியது நான்தான்.
உள்ளடக்கம் பற்றிய ஆய்வு. நல்ல தாளில் அச்சிட்டது.

சரோஜம் எதிரே வந்து குந்தினாள்.
படிவத்தைச் சுட்டினாள், தன்னைச் சுட்டினாள்.
“அவள்ட்டயும் கேளுங்க,” என்றாள் றோஸ்லெட்,
“நான் சொல்லிக் குடுக்கேன்.”
இடைநிலையாளருக்கு முன்பயிற்சி அவசியம் என்று
ஆரம்பித்துவிட்டு மணி பார்த்தேன்.
பதினோரு நிமிஷம்.
கேட்டேன்.

என் திறமைகளைப் பயன்படுத்த வாய்ப்புக் கிடைக்கிறது.
றோஸ்லெட்டின் கை நெற்றியைத் தொட்டது,
காற்றில் ஒரு கொட்டையை நிறுத்தித் தட்டியது,
இரண்டு உள்ளங்கையும் விரிந்து காத்திருந்தன.
ஆறு பேர் மூன்று மாதத்தில்
இப்படி ஒரு வாக்கியம் எழுதவில்லை.

சரோஜம் யோசித்தாள்.
சாம்பல் பூசிய விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன,
ஐந்து, ஆறு, ஏழு,
நிற்கவில்லை.
பத்து.

ஏழு வரைதான், என்றேன்.
றோஸ்லெட் அதைச் சைகையாக்க மறுத்துவிட்டாள்.
“அவ தல்லினா பரிப்பு உடையாது.
உள்ள பூச்சி அரிச்சிருந்தா
அடிக்கும்போதே அவ கைக்குத் தெரியும்.
காது உள்ள எங்களுக்கு உடைச்சுப் பாத்தாத்தான்.
பத்துண்ணா பத்து. எழுதுங்க.”

அடுத்தது:
உடன் பணிபுரிவோர் என் கருத்தை மதிக்கிறார்கள்.
அதற்கு அவள் ஒரு விரலும் நீட்டவில்லை.
மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு
றோஸ்லெட்டைப் பார்த்தாள்.
றோஸ்லெட் தன் சோற்றுப்பாத்திரத்தின் மூடியைத் தேடினாள்.
சங்கு ஊதியது.

திங்கள்நகர் வழி பேருந்தில் நின்றே வந்தேன்.
படிவக்கட்டு என் சட்டைக்கு முன்னால்
தோட்டுப்புகை வாசமடித்தது. ஒரு குழந்தை தும்மியது.

இரவு, தரவைச் சுத்தம் செய்கிற வேலை.
நூற்றுப் பன்னிரண்டாம் வரிசையில் பத்து.
மென்பொருள் சிவப்பாகக் காட்டுகிறது: எல்லைக்கு வெளியே.
பக்கத்துக் கட்டத்தில் அந்த மூடிய கை.
பதிலில்லை என்று போடலாம்.
பதில் இருந்தது.
ஒன்றுக்குக் கீழே எங்களிடம் எண் கிடையாது.

காலை ஒன்பதுக்கு நெறியாளர் அழைப்பார்.
இரண்டு கட்டத்தையும்
இன்னும் தொடவில்லை.