கழித்தல் கணக்கு

வெறும் வயிற்றில் இருநூற்று எண்பத்தொன்று.
டாக்டரம்மா சீட்டில் எழுதவில்லை, வாயால் சொன்னார்:
நட. தினமும் நாற்பது நிமிஷம்.

வேலூரில் நடக்க எங்கே இடம்?
கோட்டைக்குப் போகப் பஸ் ஏற வேண்டும்.
சாலையோரம் என்றால்
ஆம்புலன்ஸும் ஷேர் ஆட்டோவும்
என் சர்க்கரையைக் கேட்டா ஒதுங்கும்?
அதனால் இங்கே,
வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம்.
நடைபாதைக் கல் பதித்து
நாலு சிமெண்ட் பெஞ்சும் ஒரு சறுக்குமரமும் போட்டு
பூங்கா என்று பச்சைப் பலகை மாட்டிய பிறகும்
எங்கள் தெருவில்
"சமாதிக்குப் போய்ட்டு வரேன்" என்றுதான்
வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள்.
யாரும் பதறுவதில்லை.

ஏழு சுற்று.
மறந்துவிடும் என்பதால் ஏழு கூழாங்கல்,
வாசலை ஒட்டிய தட்டைக் கல்லறைமேல் வரிசையாக.
சுற்றுக்கு ஒன்று இடமிருந்து வலம் நகரும்.
கீழே படுத்திருப்பவர் ஒரு லெப்டினன்ட்.
ஆட்சேபித்ததில்லை.

நவநீதம் முதல் இரண்டு சுற்றுக்குக் கூட வருவாள்.
மருமகளுக்கு ஒன்று, கேஸ் விலைக்கு ஒன்று.
மூன்றாவதில் பெஞ்சு. மடியில் போண்டாப் பொட்டலம்.
உயரமான தூண் கல்லின் நிழலில்
நீட் புத்தகத்தோடு இரண்டு பையன்கள்.
நிழல் நகர நகர அவர்களும் நகர்வார்கள்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும்.
எண் வரும். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
இருபது வருஷம் ஜோடி எண்ணியவள்.
நடந்தபடியே கழிப்பேன்.
பின்வருஷத்தில் முன்வருஷம் போக
இருபத்திரண்டு. பத்தொன்பது. முப்பத்தொன்று.
வேப்பமரத்தடிச் சின்னக் கல்லில்
இரண்டும் ஒரே வருஷம்.
கழித்தால் ஒன்றும் வராது.
அந்த இடத்தில் மட்டும்
என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கும்.

மாசியில் ஒருநாள்
தட்டைக் கல்லறைமேல் ஒரு குடும்பம்.
செய்தித்தாளில் பொரி, பச்சைமிளகாய்.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வங்காளம்.
ரிப்போர்ட் வர மூன்று நாள் என்றால்
மூன்று நாளும் எங்காவது உட்கார வேண்டும்தானே.
அவர்கள் பெண்ணுக்கு ஏழெட்டு வயது இருக்கும்.
ஒரு புறங்கையில் ஊசிக்குழாய், மேலே பிளாஸ்திரி.
இன்னொரு கையால் என் கல்லைத்
தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
ஐந்தாங்கல், ஏழு கல்லை வைத்து.

எனக்கு இரண்டு முடிந்ததா, மூன்றா?
கேட்க மொழியில்லை. விரலைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினேன்.
அவளும் விரலைக் காட்டினாள்: நான்கு.
எதை எண்ணினாளோ.
நான்கு என்றே வைத்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் நான் கடக்கும்போதெல்லாம் விரல் உயர்ந்தது.
மூன்றுக்குப் பிறகு ஐந்து.
ஐந்துக்குப் பிறகு, வேண்டுமென்றே, இரண்டு.
முடியில்லாத தலையில் அப்பாவின் கம்பளிக் குல்லாய்,
சிரிக்கும்போது கண்வரை இறங்கும்.
மூன்றாம் நாள் இரு கையும் விரித்துப் பத்து என்றாள்.
பத்தும் நடந்தேன்.
கெண்டைக்கால் இரவெல்லாம் திட்டியது.

நான்காம் நாள் கல் மட்டும்.
ஏழும் இருந்தன, எண்ணினேன்.
ரிப்போர்ட் என்ன சொன்னதோ,
ஹவுரா ரயில் ஏறினார்களோ
வார்டு மாடி ஏறினார்களோ.
பெயர்கூடத் தெரியாமல் யாரிடம் கேட்க?
நல்லதாத்தான் இருக்கும் என்றாள் நவநீதம்.
என் சர்க்கரைக்கும் அவள் அப்படித்தான் சொன்னாள்.

நேற்று இருட்டிவிட்டது.
வாட்ச்மேன் சூசைராஜ் கேட்டுச் சங்கிலியை உலுக்கி
தினமும் கத்துவதைக் கத்தினான்:
"உள்ள யார்னா கீறீங்களா?"

அத்தனை பேரும் பேசாமல் இருந்தார்கள்.

வேப்பமரத்துச் சின்னக் கல்லைத் தாண்டிக்கொண்டிருந்த
நான்தான் சொன்னேன்:
"இருப்பா, இன்னும் ரெண்டு கீது."