ஒன்பதிலிருந்து எட்டு

செவ்வாய் மதியம், ஊலு நகரில்
சூரியன் வீட்டுக்குக் கிளம்பிய இரண்டரை மணிக்கு
ஊசிக்கப்பலின் வேகத்தை
ஒன்பதிலிருந்து எட்டாக்கினேன்.
ஓர் இலக்கம். ஒரு விசை.
உப்பு அதிமதுர மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு
பேருந்துக்கு ஓடினேன்.

விடிவதற்குள் நானூற்றுப் பதினேழு பேர்
எழுதியிருந்தார்கள்.

மூன்று வாரம் உறங்காமல் கட்டிய பேரரசு
நாற்பது நிமிடத்தில் போயிற்று,
உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது என்கிறார் ஒருவர்.
பாசிமனிதர்களை வைத்து ஆடுகிறவன் கோழை,
அவர்களுக்கே சலுகை காட்டுகிறாய் என்கிறார் இன்னொருவர்.
பாசிமனிதர்களை ஆடியவரும் எழுதியிருக்கிறார்:
எப்போதும் எங்களையே நசுக்குகிறாய்.
பதிவுகளைத் திறந்து பார்த்தேன்.
இருவரும் சொல்வது ஒரே ஆட்டத்தை,
ஒரே இரவை,
ஒரே நட்சத்திரத்தின் இரு பக்கமிருந்து.
இருவர் கணக்கும் சரியாகவே இருந்தது.

தோற்றவன் எழுதுவான், ஜெயித்தவன் தூங்குவான்
என்கிறான் தூரே.
அவன் திரையில் ஏழு இனங்களின் ஏழு கோடுகள்
ஐம்பது விழுக்காட்டை நோக்கிச் சாய்ந்து
ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கிடக்கின்றன.
அழகு, என்கிறான்.
எனக்கென்னவோ
குளிரில் நெருக்கியடித்து நிற்கும் ஆட்களைப்போல.

மாலையில், முந்நூற்று எண்பதாவதோ என்னவோ,
இல்ப்போ என்பவரின் கடிதம்:

"கெமிக்கு வெளியே, கடல்மேல் இருக்கிறேன்.
பனியுடைப்புக் கப்பலில் இயந்திர அறை வேலை.
பன்னிரண்டு மணி நேரம் அது, பிறகு உங்கள் விண்வெளி.
எங்கள் கப்பல் பனிக்கட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து
எடையால்தான் அதை உடைக்கிறது.
வேகத்துக்கு அதில் பெரிய பங்கில்லை.
உங்கள் திமிங்கலக்கப்பலுக்கோ எடையே இல்லை.
நில் என்றால் நிற்கிறது, குட்டிநாய் மாதிரி.
ஊசிக்கப்பலை ஏன் தண்டிக்கிறீர்கள்?
பெரியது நிற்க நேரம் பிடிக்கட்டும்,
திரும்பும்போது கொஞ்சம் திண்டாடட்டும்.
இதுவரை இருநூற்றுப் பதினோரு ஆட்டம் தோற்றிருக்கிறேன்.
அதில் நியாயமாகத் தோற்றது முப்பது.
அந்த முப்பதும் நன்றாயிருந்தன."

பதில் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போகையில்
எங்கள் நிறுத்தத்தில் பேருந்து நிற்காமல்
உறைந்த சாலையில் மெல்ல வழுக்கி
பத்தடி தள்ளிப் போய் நின்றது.
ஓட்டுநர் பெண் கண்ணாடிக்குப் பின்னால்
இரு கைகளையும் விரித்துக் காட்டினாள்.
இறங்கி, பனியில் பின்னோக்கி நடந்தபடி
அந்தப் பத்தடியை எண்ணினேன்.

வியாழனன்று திமிங்கலக்கப்பலுக்கு
எடை கொடுத்தேன்.
சோதனை ஆட்டத்திலேயே அது
தன் சொந்தக் கோளைத் தாண்டிப் போய்
நிலவில் முட்டியது. தூரே காபியைச் சிந்திச் சிரித்தான்.
பிறகு வரைபடத்தைப் பார்த்தான், சிரிப்பு போயிற்று.
ஐம்பத்து நான்கு. நாற்பத்து மூன்று.
கோடுகள் எழுந்து தனித்தனியே நடக்கத் தொடங்கியிருந்தன.
இது ஐம்பதுக்கு வராது, என்றான்.
வராது, என்றேன்.
ஏழு மணிவரை சண்டை.
ஜன்னலில் எங்கள் முகங்கள் தவிர வேறொன்றும் தெரியவில்லை.
எட்டை மறுபடி ஒன்பதாக்கி
அப்படியே வெளியிட்டோம்.

இம்முறை ஐந்நூற்று இரண்டு பேர்.
ஒருவர் என்னைத் திமிங்கலம் என்றே அழைத்திருந்தார்.
பாசிமனிதர்களின் ஆள் ஆட்டத்தையே விட்டுவிட்டாராம்
(அன்று இரவு பதினொன்றரைக்கு
மறுபடி உள்ளே வந்ததைப் பார்த்தேன்).

ஞாயிறு காலை, கடலிலிருந்து மூன்றே வரி:

"இருநூற்றுப் பன்னிரண்டு.
திருப்பத்தில் அவசரப்பட்டு நிலவில் மோதிவிட்டேன்.
முப்பத்தொன்று."