ஆறப்போடுதல்

பதிவு அலுவலகத்துப் பெண்
முத்திரை குத்திய ரசீதை நீட்டி
"முப்பது நாள் ஆறப்போடுங்கள்.
அப்புறமும் பிரியத்தான் வேண்டுமென்றால்
ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க" என்றாள்.
பிரிவதற்கும் சேர்ந்துதான் வரவேண்டுமாம்.

வெளியே சோங்சிங்கின் நவம்பர்.
பாலம் பாதியோடு மூடுபனிக்குள் போயிருந்தது.
காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றான் குவோசெங்.
நானும்தான்.
எங்கே போகலாம் என்று யாரும் கேட்கவில்லை.
கால்களுக்கு இன்னும்
நோட்டீஸ் போய்ச் சேரவில்லை போலும்.

மலையைக் குடைந்த பழைய பதுங்கு குழி.
குண்டு விழுந்த காலத்தில் ஊர் ஒளிந்த இடத்தில்
இப்போது பதினொரு மேசைகள்.
சுவர் வியர்த்து, பிடரியில் சொட்டும்.
ஷியாங் அக்கா கேட்காமலே அடுப்பைப் பற்றவைத்தாள்:
"வழக்கம்போலத்தானே?"
வழக்கத்துக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த
இரண்டு தலைகளும் ஆடின.

செங்கல் அளவு மாட்டுக்கொழுப்பு
சட்டியில் சாய்ந்து, சரிந்து, சிவப்பாயிற்று.
சட்டிக்குள் இரும்புத் தடுப்பு, ஒன்பது கட்டம்.
படகுத்துறைக் கூலிகள் காலத்து ஏற்பாடு என்பார்கள்:
முன்பின் தெரியாதவர்கள்
ஒரே சட்டியைச் சுற்றிக் குந்தி
அவரவர் கட்டத்துக்கு மட்டும் காசு கொடுப்பார்களாம்.
இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான்
அதை முறைப்படி பயன்படுத்தினோம்.
அவன் பக்கம் மூன்று, என் பக்கம் மூன்று.
நடுவில் மூன்று
யாருக்கும் இல்லாமல் கொதித்தன.

இரைப்பைத் துண்டை
ஏழு தடவை மேலே தூக்கி எட்டு தடவை கீழே அமிழ்த்தணும்.
அதற்கு மேல் போனால் ரப்பர்.
பதைக்கிற மனசுக்கும் எங்கள் ஊரில்
ஏழு மேலே எட்டுக் கீழே என்றுதான் பேர்.
அவன் உதட்டை அசைத்து எண்ணினான்.
எண்ணும்போது மட்டும்
அவன் என்னிடம் பொய் சொன்னதில்லை.

வண்டிக் கடன் பாக்கியைப் பேசினோம்.
பூனை யாரிடம் என்று பேசவில்லை.

சிச்சுவான் மிளகு ஒன்று பல்லில் மாட்டியது.
மிளகாய் சுடும், சுட்டுவிட்டுப் போய்விடும்.
இது சுடாது.
நாக்கை வேறு யாருடையதோ ஆக்கிவிடும்.
"மரத்துப்போச்சு" என்றேன்.
கொதிக்கிற இரைச்சலில் அவன் காதில்
மறந்துபோச்சு என்று விழுந்திருக்க வேண்டும்.
"எது?" என்றான்.
நான் திருத்தவில்லை.

நான் போட்ட தாமரைக்கிழங்கு வில்லையைக் காணோம்.
துழாவினேன். மிளகாய், மிளகாய், ஒரு துண்டு இஞ்சி.
அது அவன் கட்டத்தில் வந்து மிதந்தது.
தடுப்பு அடிவரை போவதில்லை.
குச்சியில் தூக்கிப் பிடித்து
"இது யார் கணக்கு?" என்றான்,
சிரிக்காமல்.
"நீயே தின்னு."
தின்றான். ஓட்டைகளிலிருந்து எண்ணெய்
அவன் சட்டைக் கையில் ஒழுகியது.
என் கை டிஷ்யூவை எடுத்து,
பாதி வழியில் நின்று,
மேசையைத் துடைத்தது.

பக்கத்து மேசைக்காரர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள்.
அவர்கள் சட்டி அணைந்து,
கொழுப்பு மேலே மெழுகாய் உறைந்து,
ஒரு குச்சி அதில் நட்டுக்கிட்டு நின்றது.
இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.
ஷியாங் அக்கா வந்து குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

பில்லை நான் கொடுத்தேன்.
ரசீதில் சிவப்பாய் ஒரு பொட்டு.
அவன் ஊதிப் பார்த்தான், தேய்த்தான்,
பொட்டு தேதிவரை பரவியது.
"வாங்கிப்பாங்களா?"
"தெரியலை."

அவன் ரயிலுக்கு இறங்கினான், நான் படி ஏறினேன்.
பஸ்ஸில் என் கோட்டை மோந்த ஒரு கிழவர்
"எந்தக் கடை?" என்றார்.
வழி சொன்னேன். இறங்கும்போது
நினைவு வந்து திரும்பிச் சொன்னேன்:
தனியாப் போகாதீங்க,
அந்தச் சட்டி ஒரு ஆளுக்குப் பெரிசு.