நாற்பத்தொன்றாம் படி

வால்பரைசோவில் வீடுகள் மலையைப் பிடித்துத் தொங்குகின்றன.
ரொட்டி வாங்க, கடன் கேட்க, சும்மா கடலைப் பார்க்க
எதற்கும் படி.

அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களிடம்
இரண்டு கேள்விகள் கேட்பது ஆய்வில் என் பங்கு:
எங்கே விழுந்தீர்கள்? எத்தனையாவது படியில்?
முதலாவதற்கு எல்லோரிடமும் பதில் இருந்தது.
"விழுகிறவன் எண்ணிக்கொண்டா விழுவான், நர்சம்மா?"
என்றார் எலெயுதேரியோ பர்ராசா.
வலது மணிக்கட்டு பூசணிபோல வீங்கியிருந்தது;
இடது கையில் ஒரு டஜன் முட்டை,
ஒன்றுகூட உடையவில்லை.

பதினோரு மாதம், இருநூற்று ஆறு பேர்.
அதில் முப்பத்தெட்டுப் பேர்
தகைவிலான் சந்தின் ஒரே படிக்கட்டில்.

ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவோடு போனேன்.
பதினேழு. பதினேழு. பதினேழு.
ஒரு நாய் கூடவே ஏறி வந்து, சலித்துப்போய்ப் படுத்துக்கொண்டது.
பதினேழு.
நாற்பத்தொன்றாவது பத்தொன்பதரை.

இரண்டரை சென்டிமீட்டர்.
எந்தக் கொத்தனாரின் எந்தச் சாயங்கால அவசரமோ.
மூன்று படி ஏறியதும் கால் உயரத்தை மனப்பாடம் செய்துவிடுகிறது;
அதன்பின் கண் தன் சொந்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது.
நாற்பது படிகள் சொன்ன சொல் தவறவில்லை.
பிறகெப்படிச் சந்தேகம் வரும்?

எங்கள் படிவத்தில் 'கவனக்குறைவு' என்று ஒரு கட்டம் உண்டு.
முப்பத்தெட்டு முறை அதில் டிக் போட்டது
இதே கைதான்.

அறிக்கையில் நான் எழுதாத ஒன்று:
நான்கு வருடம் முன்பு, விடிகாலை மூன்று மணி, ஆறாம் வார்டு.
சலைன் குப்பிகள் இருக்கும் வரிசையில்
அதே நீல மூடியோடு, அதே எறும்பெழுத்தோடு
பொட்டாசியம் உட்கார்ந்திருந்தது.
ஆயிரம் இரவுகளாகப் போன இடத்துக்கே என் கை போனது.
ஊசியில் ஏற்றியும்விட்டேன்.
ருசெலிந்தா ஒன்றும் சொல்லவில்லை,
என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவுதான்.
கட்டிலில் அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்,
ஒரு பாதம் கம்பளிக்கு வெளியே.
வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனாள், சீப்பை மறந்துவிட்டு.

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
ருசெலிந்தா அலமாரியைத் திட்டினாள்.
அம்மாவைப் பற்றியெல்லாம் இழுத்துத் திட்டினாள்.
பொழுது விடிவதற்குள் அந்தக் குப்பிகளை
பூட்டுள்ள பெட்டிக்கு மாற்றி, சிவப்பு நாடா சுற்றினாள்.
பதிவேட்டில் அந்த இரவு இல்லை.
நடக்காததற்கு அப்போது படிவம் இல்லை.

நகராட்சிக்கு மூன்று கடிதம் போட்டேன். ஒரு பதில் வந்தது:
படிக்கட்டு பாரம்பரியச் சின்னம், இடிக்க அனுமதியில்லை.
இடிக்க வேண்டாம்.
பர்ராசாவின் படகுக்கு அடித்தது போக
மஞ்சள் பெயின்ட் அரை டின் மிச்சம்.
மாவுக்கட்டுக் கையால் டின்னை அணைத்துக்கொண்டு
"கோணல், கோணல்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.
கோணல்தான்.

அடுத்த பதினோரு மாதத்தில் அங்கே விழுந்தவர்கள் நான்கு பேர்.
ஒருவர் குடித்திருந்தார். மற்றவர்களுக்கு மழை.
எண்ணிக்கை சிறியது, தற்செயலாக இருக்கலாம் என்று
மதிப்பீட்டாளர் ஓரத்தில் குறித்திருந்தார்.
இருக்கலாம்.
விழாதவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட எனக்கு வழி தெரியவில்லை.
அவர்களுக்கே தெரியாது.

நேற்று ஒரு பையன் ஏறினான்,
தோளில் எரிவாயு உருளை, காதுக்கும் தோளுக்கும் நடுவே போன்,
யாரோடோ சண்டை.
நாற்பத்தொன்றில் அவன் கால்
ஒரு கட்டைவிரல் அகலம் கூடுதலாக உயர்ந்தது.
சண்டை நிற்கவில்லை.

மஞ்சள் ஓரத்தில் உரிய ஆரம்பித்திருக்கிறது.
மே மாத மழைக்கு முன் இன்னொரு பூச்சு வேண்டும்.
பர்ராசாவிடம் டின்னில் ஏதாவது மிச்சமிருக்கிறதா
கேட்க வேண்டும்.