ஆறரை சதவீதம்

கனாவா ஆற்றங்கரை. பிப்ரவரி.
பெயிண்ட் ஆலையின் கணக்கறையில்
சுங்க விலக்கு மனு நிரப்புகிறாள்
வெர்னா கட்லிப்.

சரக்கு: வெள்ளைத் தூள்.
பெயர் மூன்று வரி, நடுவே எண்களும் கோடுகளும்.
வருஷம் நாற்பது டன், ஆண்ட்வெர்ப்பிலிருந்து.
வரி ஆறரை சதவீதம்;
அது போனால்
இரவு ஷிஃப்ட் பிழைக்கும் என்கிறார் முதலாளி.

பன்னிரண்டாம் கேள்வி:
இதை உள்நாட்டில் யாரேனும் தயாரிக்கிறார்களா?

அக்கரையில் விளக்கில்லாத புகைபோக்கி.
போன அக்டோபர் வரை
இதே தூளைக் காய்ச்சிய இடம்.
டாய்லின் சட்டைக் காலரில்
வீடுவரை வரும்,
எத்தனை துவைத்தாலும் கசந்த வாதுமை வாசம்.

இரண்டு தடவை இந்த மனு செத்தது.
இரண்டு தடவையும் தட்டச்சு செய்தவள் இவள்.
ஆட்சேபக் கடிதத்தில்
ஃபோர்மன் என்று கையெழுத்திட்டவன்
இவள் புருஷன்.
அன்றிரவு சோள ரொட்டியைப்
பேசாமல் பிட்டுக்கொண்டார்கள்.

இம்முறை ஆட்சேபிக்க ஆளில்லை.

‘இல்லை’ என்று அடித்தாள்.
அழித்தாள்.
கட்டம் சிவந்தது: கட்டாயம் நிரப்பவும்.

காலையில் பூட்ஸ் கயிறு கட்டியபடி,
போக இடமில்லாமலும் கட்டியபடி,
டாய்ல் கேட்டிருந்தான்:
உங்க நைட் ஷிஃப்டுல
ஆள் எடுப்பாங்களா?

மறுபடி அடித்தாள்.
மணி நாலு ஐம்பத்திரண்டு.
கையில் வாசம் ஏதுமில்லை;
முகர்ந்துதான் பார்த்தாள்.